இரண்டாவது இடத்தில் நடப்பவர்

நவம்பர் 12, புதன்

குலுக்கலில் எனக்கு விழுந்துவிட்டது. விழாது என்ற நம்பிக்கையில்தான் பெயர் கொடுத்தேன்.

போன வாரம் என் கணவன் நொபு குஷிரோவிலிருந்து பேசும்போது கேட்டான். மீன்வலைக் கம்பெனி அவனை வடக்கே அந்தத் துறைமுகத்துக்கு அனுப்பி ஐந்து வருடம் ஆகப்போகிறது. நான் இங்கே தொயாமாவில், என் அருங்காட்சியகக் கற்களோடு. இந்த ஐந்து வருடத்தில் அவன் என்னிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை.

"தோமோயே, புது கேம் பெட்டி ஒண்ணு வந்திருக்குல்ல, அதுக்குக் கடையில பேர் குடுத்து வையேன். எனக்கு இங்க கிடைச்சிருச்சு. உனக்கு ஒண்ணு."

"எனக்கு எதுக்கு?"

"சேர்ந்து நடக்கலாம்."

"எங்க?"

"அதுக்குள்ளதான்."

விலை ஏறக்குறைய எண்பதாயிரம் யென். அந்தப் பணத்துக்கு நல்ல மலைக் காலணி ஒரு ஜோடி, மழைச்சட்டை ஒன்று, மிச்சத்தில் மலைக்குடிலில் இரண்டு இரவு. அதுவும் நிஜ மலையில். ஒரு கறுப்புப் பெட்டிக்குள் என்ன நடை?

கடையில் ஏற்கெனவே சாமான் வாங்கியவர்கள்தான் குலுக்கலுக்குத் தகுதியாம். நான் அங்கே குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருக்கிறேன். அரிசிக் குக்கரும். அதனால் நான் தகுதியானவள்.

நவம்பர் 15, சனி

போய் வாங்கி வந்தேன். விற்பனையாளர் என் அடையாள அட்டையை இரண்டு தடவை பார்த்தார். பிறகு பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்து, தடித்த மார்க்கர் பேனாவால் அட்டையின் மேல் என் முழுப்பெயரை எழுதினார். மிசோகுச்சி தோமோயே. ஒவ்வோர் எழுத்தும் முட்டை அளவு.

"இது எதுக்குங்க?"

"மன்னிக்கணும்மா. வாங்கிட்டுப் போய் அதிக விலைக்கு வித்துடறாங்க. பேர் எழுதிட்டா விக்க முடியாதுல்ல." மூன்று முறை குனிந்தார்.

பள்ளிக்கூடத்தில் குடையில் பெயர் எழுதியதற்குப் பிறகு என் உடைமை எதிலும் இவ்வளவு பெரிதாக என் பெயர் வந்ததில்லை. பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த பள்ளி மாணவர்கள் பெயரைப் படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி பெயரைப் படித்தார்கள்.

நவம்பர் 17, திங்கள்

ஒகினோ-சானிடம் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த மேசைக்காரி. முப்பத்து நான்கு வயது, புதைபடிவங்கள் அவள் பொறுப்பு.

"உங்களுக்கு விழுந்துருச்சா? மிசோகுச்சி-சான், உங்களுக்கா? நான் ஏழு தடவை போட்டேன்! ஏழு!"

"நீங்க குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருக்கணும்."

"உங்க வீட்ல டிவி இருக்கா முதல்ல?"

"இருக்கு. வானிலை பார்க்க."

"கடவுளே. வானிலை பார்க்கிறவங்களுக்கு விழுது."

நவம்பர் 23, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு என்று பேசி வைத்திருந்தோம். அடியில் சூடேற்றும் தாழ்மேசையான கொதாத்சுவின் கனத்த போர்வைக்குள் கால்களை நீட்டி, மடியில் ஆரஞ்சுப் பழமும் கையில் கன்ட்ரோலருமாக உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழையா பனியா என்று தீர்மானிக்காத ஒன்று பெய்துகொண்டிருந்தது.

ஒரு தீவு. அதில் சண்டை இல்லை, எதிரி இல்லை. நடப்பது மட்டும்தான். கடலிலிருந்து மேகம் ஏறி வருகிறது. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது. முதல் அரை மணி நேரம் நான் ஒரு பாறையில் முட்டிக்கொண்டே இருந்தேன். சாம்பல் மேலங்கி போட்ட ஓர் உருவம் வந்து எனக்குப் பின்னால் நின்று கை அசைத்தது. நொபு. ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன் – இதைப் பார்ப்பது என்று சொல்லலாமா?

பேசிக்கொள்ள வேண்டாம் என்றான். கை அசைக்கலாம், உட்காரலாம், விரலால் காட்டலாம். அது போதுமாம்.

மார்ச்சோடு அவன் அங்கே இருக்க வேண்டிய காலம் முடிகிறது. ஜூலையில் எனக்கு ஐம்பது. அந்த மாதம் தாதேயாமா மலையிலிருந்து தெற்கே முகட்டோடு நடந்து, ஐந்து நிறப் புல்வெளி என்று பெயர் கொண்ட அந்தச் சமவெளியில் தங்குவது என்று ஐந்து வருடம் முன்பே, அவன் ரயில் ஏறிய அன்றே பேசினோம். இந்தக் கேம் அதற்கு ஒத்திகையாக இருக்கலாம். ஒத்திகைக்கு இந்த விலை ஆகாது.

நவம்பர் 30, ஞாயிறு

எழுதி வைக்க வேண்டும். இன்று ஆற்றோரம் ஒரு பாறைச்சுவரைக் கண்டேன். எரிமலைக் குழம்பு ஆறும்போது அறுகோணத் தூண்களாகப் பிளக்கும். சும்மா அழகுக்கு வரைகிறவர்கள் தூண்களை நேராக நிறுத்திவிடுவார்கள். இங்கே அவை மேலே விசிறிபோல் விரிந்திருந்தன. அடியில் தடித்து, ஆறிய பரப்புக்குச் செங்குத்தாக. இதை வரைந்தவர் யாரோ, நிஜமாகவே போய் நின்று, கல்லைத் தடவிப் பார்த்திருக்கிறார்.

பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். நொபுவும் நின்றான்.

நிலா மட்டும் தப்பு. இவ்வளவு பெரிதாக இருக்காது.

டிசம்பர் 7, ஞாயிறு

எப்போதும் எனக்குப் பின்னாலேயே வருகிறான். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரிந்தவன் அவன். நானோ பள்ளத்தில் விழுகிறவள்.

"நீ முன்னால நட. எனக்கு அது சௌகரியம்," என்கிறான்.

பல்கலைக்கழக மலையேற்றக் குழுவில் வரிசைக்கு விதி உண்டு. முதலில் பாதை தெரிந்தவர். இரண்டாவது, குழுவிலேயே பலம் குறைந்தவர். அவருடைய மூச்சைக் கேட்டுத்தான் முன்னால் போகிறவர் நடையை வைக்க வேண்டும். அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். கடைசியில் தலைவர், எல்லா முதுகுகளையும் பார்த்தபடி. முதல் வருடம் முழுக்க நான் இரண்டாவது. என் மூச்சு மலை முழுக்கக் கேட்கும் என்று கேலி செய்வார்கள். நொபு கடைசி, மூன்றாம் வருடத்துக்காரன், தலைவன். வளைவுகளில் மட்டும்தான் உன் முகம் தெரியும் என்பான்.

ஆக, இங்கேயும் கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டான். மேய்க்கிறான். ஐந்து வருடம் தனியாகக் குடும்பம் நடத்திய ஒருத்தியை, பொம்மைத் தீவில்.

கோபம் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

கனவிலும் அந்தப் புல். எழுந்தபோது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று யோசித்துக்கொண்டே அரிசி கழுவினேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

புத்தாண்டுக்கு வரவில்லை. விமானம் பனியில் நின்றுவிட்டதாம். குஷிரோவில் வானம் தெளிவு என்று டிவி சொல்கிறது. வானிலை பார்க்கத்தான் டிவி வைத்திருக்கிறேன்.

அவனுக்காக வாங்கிய மஞ்சள்வால் மீனை முள்ளங்கியோடு வேகவைத்தேன். மூன்று நாளைக்கு வரும்.

ஜனவரி 1, வியாழன்

மீன்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று நடந்து முடித்து அணைத்ததும் போன் வந்தது. அவனே கூப்பிட்டது ஆச்சரியம்.

"தோமோயே, இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கலாம்னு பார்க்கிறேன்."

"கம்பெனி கேட்டுதா?"

பின்னணியில் கெண்டி கொதிக்கிற சத்தம்.

"இல்ல. நான்தான் கேட்டேன்."

"ஜூலை?"

"நீ ஒகினோ-சானோட போயேன்."

சரி என்றேன். நான் எப்போதும் சரி என்கிறவள்தான். வைத்த பிறகு பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

இப்போது விலை புரிகிறது. ஐம்பது வயதுப் பெண்டாட்டியிடம் திரும்பி வராமல் இருக்க எண்பதாயிரம் யென். ஞாயிறு ஒரு மணி நேரம் கை அசைத்துவிட்டுப் போவதற்கு. கொஞ்சம் மலிவுதான் இல்லையா? நான் காலணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், முட்டாள்.

அங்கே யாராவது இருக்கிறாளா? இருந்தால் இந்தத் தீவு எதற்கு? ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவன் வந்து எதிரில் உட்கார்ந்து, முடிந்தது என்றாவது சொல்லட்டும். வரட்டும். முதலில் வரட்டும்.

ஒகினோவிடம் பெட்டியை விற்கலாமா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"பேர் எழுதின பெட்டியா? பழைய சாமான் கடையில பாதி விலைதான் குடுப்பான். எங்கிட்ட குடுங்க, நான் முழு விலை தரேன். உங்க பேரோடவே வச்சுக்கறேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு? விளையாட்டுல தோத்துட்டீங்களா?"

"அதுல தோக்க முடியாது. நடக்க மட்டும்தான் முடியும்."

ஜனவரி 25, ஞாயிறு

நான்கு மணி. போடவில்லை. ஐந்து மணிக்குப் பனி நின்றது.

பிப்ரவரி 1, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நான்கு மணிக்குப் போட்டேன். முடிந்தது என்று சொல்லிவிடத்தான். சமவெளியில் சிறு குட்டைகளுக்கு நடுவே அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். கை அசைத்தான். நான் அசைக்கவில்லை. ஓடினேன். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடும், டிசம்பரில் கண்டுபிடித்தேன். குட்டைகளில் வானம் உடைந்து தெறித்தது. ஓடினேன், சரிவு, பள்ளம், ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவன் இல்லை.

தலைவர் வரிசையை விடமாட்டார். எந்த மலையிலும் நொபு விட்டதில்லை.

திரும்பி வந்தேன். பாதையின் நடுவில், அப்படியே, உட்கார்ந்திருந்தான். மேலங்கி மட்டும் காற்றில் ஆடியது. போனை எடுத்தேன்.

"என்ன தலைவரே, வரிசையை விட்டுட்டீங்க?"

விடாமல் கேட்டேன்.

"பின்னால நின்னு மேய்ச்சது போதுமா? சலிச்சுப்போச்சா?"

"நான் தலைவர் இடத்துல வரல, தோமோயே."

"ரெண்டு பேர்ல பின்னால வர்றவன் வேற யாராம்?"

"ரெண்டாவது ஆள்," என்றான்.

திரையில் அவன் உட்கார்ந்திருந்தான். புல் சாய்ந்தது, நிமிர்ந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஆனால் புரிந்தது எனக்கு வந்து சேர நேரம் பிடித்தது. இரண்டு பேர் மட்டும் நடக்கும்போது கடைசி இடமும் இரண்டாவது இடமும் ஒன்றுதான். இரண்டு மாதமாக நான் தலைவரின் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நின்றது என் பழைய இடத்தில்.

"எங்க வலி?"

"முழங்கால். செப்டம்பர் கடைசில படகுக்கும் கரைக்கும் நடுவுல கால் போயிருச்சு. ரெண்டு தடவை ஆபரேஷன்."

"கடல்ல இருக்கேன், சிக்னல் கிடைக்கலன்னு மூணு வாரம் சொன்னியே."

"ஜன்னல்ல கடல் தெரிஞ்சுது."

"நொபு!"

"சரி. பொய்தான்."

"ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"கம்பெனிப் பிரிவுத் தலைவர்."

இதுதான் என்னை உடைத்தது. முழங்கால்கூட இல்லை. எவனோ ஒரு பிரிவுத் தலைவன், தன் பெயர் முத்திரையை எடுத்து, குடும்பத்தினர் என்று அச்சிட்ட கட்டத்தில்... நான் இங்கே முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு அவனே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு கடலோரக் காவல்காரர், இந்தத் தீவில் நடந்துகொண்டிருந்தாராம். இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டியிருந்த மனிதர். "அவர் முகத்தைப் பார்க்கணும் நீ. நிஜமா நடக்கிறவன் முகம். அப்பவே உனக்கும் ஒண்ணு வாங்கணும்னு முடிவு பண்ணிட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மெதுவா ஏறலாம். இறங்குறதுதான் ஆகாது. இறங்க முடியாதவன் மலைக்கு எப்படிப் போறது? நம்ம வீடே நாலாவது தளம், லிஃப்ட் கிடையாது. வந்துட்டு என்ன பண்றது? மேலேயே உட்கார்ந்து உன்னைக் கடைக்கு அனுப்பறதா?"

"அதனால ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷத்துல சரியாகலாம்."

"ஆகலைன்னா?"

கெண்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்னும் கோபம். வீட்டுக்குள் அவரையைத் தூவி, பேயே வெளியே போ என்று கத்துகிற நாள். தனியாகக் கத்த வெட்கமாக இருந்தது, ஆனால் கத்தினேன். கீழ்த்தளத்து நாய் பதில் சொன்னது.

பிப்ரவரி 7, சனி

படிகளை எண்ணினேன். ஐம்பத்தொன்பது. இருபது வருடமாக ஏறுகிறேன், எண்ணியதில்லை. மூன்றாவது தளத்தைத் தாண்டியதும் வரும் திருப்பத்தில் ஜன்னல். அங்கே நின்று பார்த்தேன். தாதேயாமா முழுக்க வெள்ளை, சாயங்கால வெளிச்சத்தில் கொஞ்சம் மிதந்ததுபோல. ஒரு நொடி, தீவா இதுவா என்று குழம்பியது. நிலா சின்னதாக இருந்தது. எனவே இதுதான் நிஜம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நடந்தோம். மெதுவாகப் போனேன். அவன் மூச்சு கேட்டால்தானே வேகம் தெரியும். எவ்வளவோ விலை வைத்து விற்கிறார்கள், கடல் இரைகிறது, புல் சலசலக்கிறது, ஆனால் பின்னால் வருகிறவனின் மூச்சை மட்டும் அதில் வைக்கவில்லை.

இதைப் போனில் சொன்னேன்.

"ஐம்பத்தொன்பது படி," என்றேன். "நம்ம மலையேற்றக் குழுவோட கோடைக்குடிலுக்குப் போற சரிவை விடக் கம்மி. நடுவுல ஒரு ஜன்னல் இருக்கு. நான் முன்னால நடக்கிறேன்."

"தினமுமா?"

"ரெண்டாவது ஆளா ஒரு வருஷம் முழுக்க உங்க எல்லாரையும் நிக்க வச்சேன். யாராவது சலிச்சுக்கிட்டீங்களா?"

"ஹமானோ சலிச்சுக்கிட்டான்."

"ஹமானோ எப்பவுமே அப்படித்தான்."

சிரித்தான். நான்கு மாதத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 17, செவ்வாய்

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டானாம். குறுஞ்செய்தி. ஒரே வரி. பிரிவுத் தலைவருக்கு வருத்தமாம். இருக்கட்டும்.

மார்ச் 28, சனி

பெட்டி. அலமாரிக்கு மேலே காலியாகக் கிடந்த அந்த அட்டைப்பெட்டி. வெறும் அட்டை, உட்கார்ந்தால் நசுங்கும். பழைய நில வரைபடங்களை, அருங்காட்சியக ஆண்டறிக்கைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, நாடாவால் கட்டினேன். ஐந்து நிறப் புல்வெளியின் வரைபடமும் உள்ளே போயிற்று. ஒரு கணம் வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

மூன்றாவது தளத் திருப்பத்தில், ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். நான் உட்கார்ந்து பார்த்தேன். தாங்குகிறது.

ஏப்ரல் 4, சனி

வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான், கைத்தடி, கையில் உப்பிட்ட மீன் பொட்டலம். ரயில் நிலையத்தில் இருவரும் ரொம்ப முறையாகக் குனிந்துகொண்டோம், யாரோ அந்நியர்கள்போல.

படிக்கட்டில் நான் முன்னால். திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் அவனுக்குப் பிடிக்காது. கேட்டுக்கொண்டே ஏறினேன். முதல் தளம் வரை ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூச்சு கொஞ்சம் கரகரத்தது. நின்றேன். தொடர்ந்தோம். திருப்பம் வந்ததும் என் பெயரைப் பார்த்தான்.

"இது மேலயா உட்காரணும்? உன் பேர் மேல?"

"உட்காரு."

உட்கார்ந்தான். மலையைப் பார்த்தான். ஏறி முடிக்க இருபத்திரண்டு நிமிடம்.

ஏப்ரல் 9, வியாழன்

பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எங்கள் படிக்கட்டின் இந்த வருடப் பொறுப்பாளர், இரண்டாவது தளத்துத் துஜி-சானின் கையெழுத்து. "பொதுப் படிக்கட்டில் பொருட்கள் வைப்பது தீயணைப்பு விதிகளுக்கு ஏற்புடையதல்ல. மிசோகுச்சி தோமோயே அவர்கள் கனிவுடன் அகற்றும்படி வேண்டுகிறோம்."

யாருடையது என்று தேட வேண்டிய சிரமம் அவருக்கு இல்லை. முட்டை அளவு எழுத்துகள்.

அதற்குக் கீழேயே பென்சிலால் எழுதினேன். "என் கணவருக்கு முழங்கால் சரியில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் இங்கே உட்காருகிறார். கோடை வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்." எழுதிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தி, வெட்கத்தில் நின்றேன். ஐம்பத்தொன்பது படிக்கும் எங்கள் வீட்டு விஷயம் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மதியம் இறங்கி ஆற்றோரம் செர்ரி மரங்கள் வரை போய் வந்தோம். பாதி உதிர்ந்துவிட்டன, தண்ணீர் முழுக்க இதழ். திரும்பும்போது திருப்பத்தில் நின்றேன், வழக்கம்போல்.

தாள் இல்லை. பெட்டி ஜன்னலிலிருந்து சுவரோரமாக, வழியை மறைக்காதபடி நகர்த்தப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு மெத்தை. பழையது, நீலப் பூப்போட்டது, நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் நாடா வைத்துத் தைத்துப் பெட்டியோடு கட்டியிருந்தது. என் பெயர் மறைந்துவிட்டது.

நொபு உட்கார்ந்தான். நான் படியில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தோம். மேலே பனி இளகிக் கறுப்புப் பாறை தெரிய ஆரம்பித்திருக்கிறது.

"நாலு மணி ஆகப்போகுது," என்றான். "தீவுக்குப் போகலையா?"

"இதைவிட மேல ஏறணுமா இன்னிக்கு?"

மெத்தையைத் தடவிக்கொண்டே கேட்டான். "உண்மையைச் சொல்லு. அந்த விலைக்குத் தகுமா, தகாதா?"

யோசித்தேன். தூண்பாறையை, குட்டைகளை, கேட்காத மூச்சை, எல்லாவற்றையும் யோசித்தேன்.

"அட்டைப்பெட்டிக்குத் தகும்," என்றேன்.

சிரித்தான். நானும். சிரித்துக்கொண்டே ஏற முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.